கடலுக்குப் போகும் முன் காக்பிட்டைப் பாருங்கள்

பாய்மரப் படகைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததுமே, "நம்மவர்களில் எத்தனை பேரிடம் படகு இருக்கிறது?" என்று சில நேயர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் அடுத்தவர் படகில் ஏறிப் போகிறவர்கள் குறைவல்ல. 1990இல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் பாய்மரப் படகுப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் துறைமுகத்தில் புறப்படும் படகுகள் பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போய்ச் சேர்கின்றன. ஒவ்வொரு படகிலும் கயிறு இழுக்க, பாயை இறக்க, இரவில் கண்விழிக்க ஆள் வேண்டும். கைகால் திடமான இளைஞர்களுக்கு அழைப்பு வருவது அப்படித்தான்.

எங்கள் அரங்கிலும் ஒரு தாயார் எழுந்து கேட்டார்: "ஐயா, என் மகனை லங்காவிக்குப் படகில் கூப்பிடுகிறார்கள். நான் கடலைக் கரையிலிருந்து பார்த்தவள். எதைப் பார்த்து அவனைப் போய் வா என்று சொல்வது?"

அன்றைய ஒன்றரை மணி நேரப் பேச்சும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போனது. நான் மாலுமி அல்ல. கேள்வி கேட்பது என் தொழில். நீண்ட கடல் பயணம் போனவர்களைக் கேட்டதையும், விபத்து விசாரணை அறிக்கைகளில் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பாயைப் பார்க்காதீர்கள், பளபளக்கும் உடலைப் பார்க்காதீர்கள், குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்றும் கேட்காதீர்கள் அம்மா. நேராகக் காக்பிட்டுக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். அந்தப் படகில் போகலாமா வேண்டாமா என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

காக்பிட் என்றதும் விமானி அறை நினைவுக்கு வரும். பாய்மரப் படகிலும் அதே பெயரில் ஓர் இடம் உண்டு. பெரும்பாலும் படகின் பின்பாதியில், தளத்தைக் குடைந்து தொட்டி மாதிரி அமைத்திருப்பார்கள். இருபக்கமும் பெட்டி வைத்த இருக்கை, நடுவில் கால் வைக்கக் குழி, பின்னால் சுக்கான் சக்கரமோ டில்லர் கட்டையோ, முன்னால் கீழே அறைக்கு இறங்கும் வாசல். மாலுமி தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் இங்கேதான். சாப்பாடும் இங்கே, காவலும் இங்கே, விபத்தும் பெரும்பாலும் இங்கிருந்து எழுந்து போகிற நேரத்தில்தான்.

குழி என்று சொன்னேன் அல்லவா? குழியென்றால் தண்ணீர் நிற்கும். முதல் ஆபத்து அதுதான்.

அரங்கில் ஒரு சின்னச் சோதனை செய்து காட்டினோம். தரையில் 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒட்டுநாடாவால் கட்டம் போட்டோம். நடுத்தரப் படகு ஒன்றின் கால்குழி ஏறத்தாழ இவ்வளவு வரும். அது அரை மீட்டர் ஆழம் என்று வையுங்கள். ஓர் அலை உள்ளே விழுந்து அதை நிரப்பினால் 600 லிட்டர். கடல்நீர் லிட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். ஆக 615 கிலோ. அந்தக் கட்டத்துக்குள் ஒன்பது பேரை நிற்கச் சொன்னேன். ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். "இத்தனை பேரும் படகின் பின்பக்கத்தில் திடீரென்று குதித்தால் என்ன ஆகும்?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. பின்பக்கம் அமுங்கும், மூக்கு மேலே தூக்கும், சுக்கானுக்குப் படகு கட்டுப்படாது. அந்த நிலையில் அடுத்த அலை வந்தால் அதுவும் உள்ளே விழும். முதல் அலையின் தண்ணீர் இரண்டாவது அலைக்கு முன் வெளியேற வேண்டும் என்பதுதான் கணக்கு.

வெளியேறுவது எப்படி? யாரும் இறைக்காமல், தானாக. காக்பிட்டின் தரை வெளியே உள்ள கடல் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். தரையில் வடிகால் துளைகள் இருக்க வேண்டும். கடலோட்டப் போட்டிகளுக்கு விதிமுறை வகுக்கும் வேர்ல்ட் செய்லிங் அமைப்பு இதற்கு அளவே கொடுத்திருக்கிறது. தரை, நீர்மட்டத்துக்கு மேலே, படகின் நீர்மட்ட நீளத்தில் குறைந்தது 2 விழுக்காடு இருக்க வேண்டும். 10 மீட்டர் என்றால் 20 சென்டிமீட்டர். எட்டரை மீட்டரும் அதற்கு மேலும் நீளமான படகுக்கு 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளைகள் நான்காவது, அல்லது அதற்கு ஈடான திறப்பு வேண்டும். இது குறைந்தபட்சம். தூரம் போகிறவர்கள் இதில் திருப்தி அடைவதில்லை, குழாயைப் பெரிதாக்கிக்கொள்கிறார்கள். 20 மில்லிமீட்டரை 40 ஆக்கினால் தண்ணீர் போகும் வழி இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிறது. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவு எதற்கு என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

துளை பெரிதாக இருந்தும் அடைத்துக்கொண்டால்? பிஸ்கட் உறை, கயிற்றின் நார், மாட்டுகிற சட்டையிலிருந்து உதிர்ந்த பொத்தான் எல்லாம் போய்ச் சேரும் இடம் அந்தத் துளைதான். நம் வெதுவெதுப்பான கடலில் இன்னொரு தொல்லை உண்டு. கட்டிப்போட்ட படகின் அடியில் சிறு சிப்பிகள் வெகு சீக்கிரம் ஒட்டி வளர்கின்றன. வடிகால் வாயிலும் அவை குடியேறும். மேலே பார்த்தால் துளை சுத்தமாக இருக்கும், கீழே பாதி அடைத்திருக்கும். ஆகவே கண்ணால் பார்த்தால் போதாது. துளையைத் துணியால் அடைத்து, குழாய் விட்டுக் கால்குழியை நிரப்பி, துணியை உருவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். படகுக்காரர் இந்தச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். "எத்தனை நிமிடம் ஆனது?" என்பது அடுத்த கேள்வி. செய்தவர் உடனே பதில் சொல்வார்.

வடிகால் குழாய் படகின் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் இடத்தில் ஒரு அடைப்பான் இருக்கும். அது திருகுகிறதா, குழாயை இரண்டு இரும்பு வளையங்கள் இறுக்கியிருக்கின்றனவா, பக்கத்திலேயே கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்று கயிற்றில் கட்டித் தொங்குகிறதா? குழாய் பிய்த்துக்கொண்டால் அந்த மரக்கட்டையைத் துளையில் அறைந்து செருகுவார்கள். சில வெள்ளிக்குக் கிடைக்கும் கட்டை. அது இல்லாமல் முழ்கிய படகின் விலையைக் கணக்குப் பாருங்கள்.

வாசல் பலகை

காக்பிட்டிலிருந்து கீழே இறங்கும் வாசலுக்குக் கதவு கிடையாது. இரண்டு மூன்று பலகைகளை மேலிருந்து கீழாகக் காடிக்குள் இறக்கி மூடுவார்கள். நம் ஊர்ப் பழைய மளிகைக் கடைகளில் இரவில் பலகை செருகிக் கடையடைப்பதைப் பார்த்த பெரியவர்களுக்கு உடனே புரியும்.

இந்தப் பலகை ஏன் முக்கியம் என்பதற்கு 1979ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக் கடற்கரை அருகிலுள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி வரும் போட்டிக்கு 303 படகுகள் புறப்பட்டன. நடுவழியில் கடும் புயல். போட்டியில் இருந்த 15 பேர் உயிரிழந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டு இறங்கினார்கள். இதில் நெஞ்சை உறுத்துவது என்னவென்றால், அந்த 24இல் மூழ்கியவை ஐந்துதான். மற்றவை பிறகு மிதந்த நிலையில் கிடைத்தன. பின்னர் நடந்த விசாரணை இந்த வாசல் பலகையைக் குறிப்பாகச் சுட்டிக்காட்டியது. பல படகுகளில் பலகை வெறுமனே காடியில் நின்றது. படகு புரண்டதும் அது நழுவி விழுந்துவிட்டது. திறந்த வாசல் வழியாகக் கடல் உள்ளே புகுந்தது.

இன்று விதி தெளிவாக இருக்கிறது. பலகையைச் செருகிய பிறகு, மேல்மூடி திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், அது கழன்று விழாதபடி பூட்ட முடிய வேண்டும். பலகை கைநழுவிக் கடலில் போகாதபடி ஒரு கயிறும் கட்டியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் அதைத் திறக்க முடிய வேண்டும். படகு புரண்டு நிமிரும்போது உள்ளே அகப்பட்டவருக்கு வெளியே ஆள் இல்லாமல் போகலாம்.

நம் வெயிலில் பலகையைச் செருகி வைத்துக்கொண்டு கீழே யாரும் தூங்க முடியாது என்பது உண்மைதான். அறை அடுப்பாகிவிடும். அதனால் கீழ்ப்பலகையை மட்டுமாவது எப்போதும் போட்டு வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். வானம் கறுத்தால் மீதியையும் போட்டுவிடுகிறார்கள்.

இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டிகளையும் விடக் கூடாது. அவற்றின் மூடி பல படகுகளில் சும்மா கவிழ்த்து வைத்ததுதான். படகு சாய்ந்தால் திறந்துகொள்ளும். உள்ளே படகின் வயிற்றுக்கே வழி. நல்ல கொக்கியும் ரப்பர் விளிம்பும் வேண்டும். சமையல் எரிவாயு உருளை காக்பிட் பெட்டியில் இருந்தால் அதற்குத் தனிப் பெட்டி, அடியில் கடலுக்குத் திறக்கும் ஒரு துளை. கசியும் வாயு காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில் தேங்காமல் வெளியே வழிந்து போக வேண்டும்.

இடுப்பில் கட்டும் உயிர்

இனிச் சொல்லப்போவதுதான் அந்தத் தாயார் மனத்தில் இருந்தது. பிள்ளை தண்ணீரில் விழுந்தால்?

படகு மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நாம் ஓடும் வேகம்கூட இல்லை. ஆனாலும் ஒரு நிமிடத்தில் 185 மீட்டர் தாண்டிவிடும். பகலிலேயே அந்தத் தூரத்தில் ஒரு மனிதத் தலை, அலைக்கு நடுவே மிதக்கும் தேங்காய்தான். பாயை இறக்கி, திரும்பி, தேடி வருவதற்குள் எத்தனை நிமிடம்? இரவு என்றால் சொல்லவே வேண்டாம். நீச்சல் தெரியும் என்பது இங்கே பதிலே அல்ல.

ஆகவே விழாமல் இருப்பதற்குத்தான் ஏற்பாடு. மார்பைச் சுற்றி ஒரு வார், அதிலிருந்து ஒரு தாம்பு, நுனியில் கொக்கி. கொக்கியைப் படகில் மாட்ட வேண்டும். எங்கே மாட்டுவது? இதைத்தான் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில், உள்ளே நின்றபடியே கை எட்டும் தூரத்தில் ஒரு வளையம் இருக்க வேண்டும். மேலே வருவதற்கு முன்பே மாட்டி, கீழே இறங்கிய பிறகே கழற்றும்படி. சுக்கான் அருகே ஒன்று. கயிறு சுற்றும் வின்ச் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று. காக்பிட்டிலிருந்து முன்தளத்துக்குப் போக இருபக்கமும் நீளமாக ஒரு வார் விரித்துக் கட்டியிருக்க வேண்டும். கொக்கி அதில் வழுக்கிக்கொண்டே கூடவரும்.

அந்த வளையம் சாதாரணத் திருகாணியில் நிற்கக் கூடாது. தளத்துக்கு அடியில் உலோகத் தகடு வைத்து மறையாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். 1979 புயலில் இறந்தவர்களில், வார் அறுந்தோ அது மாட்டியிருந்த இடம் பிய்ந்தோ கடலில் போனவர்கள் உண்டு. வார் போட்டிருந்தும் போனார்கள். விரித்துக் கட்டும் நீள வாருக்கு இன்றைய விதி கேட்கும் வலிமை இரண்டு டன்னுக்குச் சற்று மேல். வெறும் வலிமை மட்டும் போதாது. நைலான் என்றால் நனைந்ததும் நீளும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது. வட்டமான கம்பியை மிதித்தால் காலடியில் உருளும், தட்டையான வார் உருளாது. எதுவானாலும் நம் வெயில் அதைத் தின்றுவிடும். பயணம் இல்லாத நாளில் சுருட்டி உள்ளே வைக்கிறாரா, அல்லது மூன்று ஆண்டாக அங்கேயே கிடந்து வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளுத்துக் கரகரவென்று இருந்தால் படகுக்காரர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் கேள்வி கேட்கலாம்.

தாம்பின் நீளமும் உயிர்ப் பிரச்சினைதான். விதி அதிகபட்சம் 2 மீட்டர் என்கிறது. ஆனால் 2 மீட்டரில் ஒருவர் பக்கவாட்டில் விழுந்தால் தண்ணீருக்குள்தான் தொங்குவார். 2011 ஜூனில் ஆங்கிலக் கால்வாயில் ஒரு படகின் தலைவருக்கு இதுதான் நடந்தது. தாம்பு அறவில்லை, அவர் படகோடு இணைந்தே இருந்தார். ஓடும் படகின் பக்கத்தில் இழுபட்டு, தோழர்கள் மேலே தூக்குவதற்குள் மூழ்கி இறந்தார். அதனால் ஒரு மீட்டர் குட்டைத் தாம்பு ஒன்றும் வேண்டும். முடிந்தபோதெல்லாம் அதையே மாட்ட வேண்டும். இரண்டு கொக்கியும் ஒரே வாரில் வருவது கிடைக்கிறது.

கொக்கியும் கைவிடலாம். 2017 நவம்பரில் கிளிப்பர் உலகப் பந்தயப் படகு ஒன்று தென்கடலில் போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் தளத்திலிருந்து விழுந்தார். அவர் கொக்கி தளத்திலிருந்த ஓர் உலோகக் கட்டையின் அடியில் சிக்கி, பக்கவாட்டில் இழுபட்டு, வளைந்து திறந்துகொண்டது என்று பிரிட்டிஷ் விசாரணை கண்டறிந்தது. நேராக இழுத்தால் பெரிய பாரத்தையும் தாங்கும் கொக்கி, பக்கவாட்டில் இழுத்தால் வளையும். எனவே மாட்டும் இடத்தைச் சுற்றி அது சிக்கக்கூடிய பொருள் எதுவும் இருக்கக் கூடாது. நீள வாரும் படகின் பின்முனை வரை போகாமல் சற்று முன்பே முடிய வேண்டும். விழுந்தவர் படகுக்குப் பின்னால் இழுபடாமல் இருக்கத்தான்.

"இளைஞர்கள் இதையெல்லாம் மாட்டிக்கொள்வார்களா? கோழை என்று கேலி செய்வார்களே" என்றார் அரங்கில் ஒருவர். 1999இல் டத்தோ அஸ்ஹார் மன்சோர் லங்காவியிலிருந்து ஜாலுர் கெமிலாங் படகில் தனியாளாக உலகைச் சுற்றி வந்தார். தவறி விழுந்தால் பார்க்கக்கூட ஆளில்லாத பயணம். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி படகில் இந்தியக் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர் புறப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான லெப்டினன்ட் கமாண்டர் ரூபா புதுச்சேரியைச் சேர்ந்தவர். எட்டு மாதத்தில், 2025 மே மாத இறுதியில், 25,000 கடல் மைலுக்கு மேல் கடந்து திரும்பினார்கள். இருவரே உள்ள படகில் ஒருவர் உறங்கினால் மற்றவர் காக்பிட்டில் தனி. இப்படிப் பயணம் போகிறவர்களைக் கோழை என்று யார் சொல்வது?

கைக்கெட்டிய தூரத்தில்

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். சுக்கான் பிடிப்பவர் கை எட்டும் இடத்தில் விளக்குடன் கூடிய மிதவை வளையம். எறிவதற்கு 15 முதல் 25 மீட்டர் வரை மிதக்கும் கயிறு, சிக்காமல் பையில். உறையோடு கூரிய கத்தி ஒன்று, காக்பிட்டிலேயே கட்டி வைத்தது. காலில் கயிறு சுற்றி வின்ச் இழுக்கும் நேரத்தில் சமையலறைக்கு ஓடிக் கத்தி எடுக்க முடியாது. தண்ணீர் இறைக்கும் கைப்பம்பு ஒன்று, எல்லா மூடியும் மூடியிருக்கும்போதே காக்பிட்டிலிருந்து இயக்கும்படி இருக்க வேண்டும். அதன் கைப்பிடி கயிற்றில் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் அது மட்டும் காணாமல் போயிருக்கும். கூடவே 9 லிட்டர் பிடிக்கும் உறுதியான வாளி இரண்டு, அவற்றுக்கும் கயிறு. பயந்துபோன மனிதன் கையிலிருக்கும் வாளியைவிட நல்ல பம்பு கிடையாது என்று மாலுமிகள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

திசைகாட்டியின் பக்கத்தில் கைப்பேசி, ஒலிபெருக்கி வைக்காதீர்கள். இரண்டிலும் காந்தம் இருக்கிறது. முள் திசை மாறிக் காட்டும். எங்கள் தொழிலில் ஒலிபெருக்கி இல்லாமல் முடியாது, படகில் பாட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் அதை வேறு மூலையில் வைக்கலாம்.

தலைக்கு மேலே போகும் பூம் கழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரிய பாயின் அடியைத் தாங்கும் கழி அது. காற்று பின்னாலிருந்து வரும்போது சுக்கானைப் பிடிப்பவர் சற்றுக் கவனம் சிதறினால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அறைந்துகொண்டு போகும். வழியில் தலை இருந்தால் அவ்வளவுதான். அதை முன்பக்கம் இழுத்துக் கட்டும் கயிறு போடுகிறார்களா என்று மகன் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். காக்பிட்டில் உட்காரும் இடம் பூமின் கயிறு வீசும் பாதையில் இல்லாமல் இருக்கட்டும்.

எல்லாக் கயிற்றையும் காக்பிட்டுக்கே கொண்டுவந்து விட்டால் முன்னால் போகவே வேண்டாமே என்று ஒரு கட்சி. அதனால் காக்பிட் முழுதும் கயிற்றுக் குவியலாகி, அதுவே காலை வாரும் என்று இன்னொரு கட்சி. அரங்கில் இரண்டு பேர் இதற்காகக் கிட்டத்தட்டச் சண்டையே போட்டார்கள். என் எண்ணம், பாயைச் சுருக்கும் கயிறாவது காக்பிட்டுக்கு வர வேண்டும். காரணம் நம் மலாக்கா நீரிணைதான். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து கிளம்பும் திடீர்ச் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும் வருகிறது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். நல்ல தூக்கத்தில் பாதிப் பேர், இருட்டில் மீதிப் பேர் இருக்கும் நேரம். அந்த நேரத்தில் நனைந்த முன்தளத்தில் யாரும் நடக்காமல் பாயைச் சுருக்க முடிந்தால் நல்லது. கயிற்றுக் குவியலுக்குப் பைகள் தைத்து மாட்டிக்கொள்ளலாம்.

வெயிலையும் மறக்கக் கூடாது. மேலே கூரைத்துணி, எட்டும் இடத்தில் குடிநீர், படகு சாயும்போது கால் முட்டுக்கொடுக்க எதிரே ஒரு கட்டை. களைத்துப்போனவர்தான் கொக்கி மாட்ட மறக்கிறார்.

கடைசியாக ஒன்று. சுக்கான் சக்கரத்தின் கம்பி அறுந்தால் போடுவதற்கு அவசரக் கட்டை ஒன்று ஒவ்வொரு படகிலும் இருக்கும், அல்லது இருப்பதாகச் சொல்வார்கள். அதை எடுத்து மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பெட்டிக்கு அடியில் தேடி எடுக்கவே கால் மணி நேரம் ஆனால், அல்லது மாட்டிய பிறகு சக்கரத்தின் தூணில் இடித்துத் திரும்பாமல் நின்றால், மகன் அடுத்த ஆண்டு லங்காவி போகலாம்.